எண்ணெய் தின்னும் சம்பந்தி வீட்டார்

என் வீட்டுத் தலைமை இன்ஜினியர் அம்மாவுக்கு, கப்பலின் அடித்தட்டில் எண்ணெய் துடைத்துக்கொண்டிருக்கும் உன் வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. முதுகு மட்டும் தனியாகக் கிடந்து முனகுகிறது. நீ எப்படி இருக்கிறாய் என்று முதலிலேயே கேட்கக் கொஞ்சம் பயமாக இருப்பதால் அதைப் பின்னால் கேட்கிறேன்.

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். அடுத்தவன் சொல்லி உனக்குத் தெரிவதைவிட நானே சொல்வது நல்லது. நேற்று நான் ஓர் இரும்புத் தொட்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்துகொண்டு, "கொஞ்சமாவது சாப்பிடு ராசாத்தி, அடம் பிடிக்காதே" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். பின்னால் சமையல்காரர் நின்றிருக்கிறார். எனக்கு டீ கொண்டுவந்த மனுஷன், டீயைக் கீழே வைத்துவிட்டுச் செல்போனை எடுத்து முழுசாகப் படம் பிடித்திருக்கிறார். சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் போட்டுக் காட்டியாகிவிட்டது. சிரிக்கவே தெரியாத கேப்டன்கூடச் சிரித்தாராம். இப்போது படியில் எதிரே வருகிறவனெல்லாம், "என்ன, ராசாத்தி சாப்பிட்டாளா?" என்று கேட்டுவிட்டுத்தான் வழி விடுகிறான். உன்னை அப்படிக் கூப்பிட்டுப் பல வருஷம் ஆகிறது, தொட்டிக்கு வந்த வாழ்வைப் பார் என்று நீ சொல்வாய். நியாயம்தான். தொட்டி எதிர்த்துப் பேசாது, வேறொன்றும் காரணமில்லை.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இப்போதெல்லாம் போனில் நான் எதைச் சொன்னாலும் நீ "சரி" என்கிறாய். கல்யாணமான புதிதில் நீ போட்ட சண்டையில் தட்டு பறந்திருக்கிறது, டம்ளர் பறந்திருக்கிறது. அதற்கெல்லாம் நான் பயந்தவனில்லை. இந்த "சரி"யைக் கேட்டால்தான் எனக்கு வாய் அடைத்துப்போகிறது. அதனால் காகிதம். என் எழுத்தைப் படிப்பது உனக்குப் பெரிய தண்டனை என்று தெரியும். ஐந்தாம் வகுப்பு வாத்தியார் என்னை அதற்கு மேல் விடாததன் பலனை நீ அனுபவிக்கிறாய்.

தொட்டி கதையை நீ தெரிந்துகொண்டால்தான் மற்றது புரியும். இன்ஜின் என்று ஒன்று இருந்தால் எண்ணெய் ஒழுகும், குழாய் என்று ஒன்று இருந்தால் தண்ணீர் சொட்டும். நம் வீட்டுக் குளியலறைச் சுவர் மாதிரிதான், எத்தனை பூசினாலும் கசியும். இரண்டும் கலந்து கப்பலின் அடிவயிற்றில் கறுப்பாகத் தேங்கி நிற்கும். பில்ஜ் தண்ணீர் என்பார்கள். அதை அப்படியே கடலில் விடக் கூடாது. விட்டுப் பிடிபட்டால் கம்பி எண்ண வேண்டியதுதான்.

எங்கள் கப்பலில் அதற்கென்று ஒரு தொட்டி வைத்திருக்கிறார்கள். ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். பக்கவாட்டில் ஒரு கண்ணாடி, மேலே ஒரு மூடி. உள்ளே எண்ணெயைத் தின்னுகிற கிருமிகளைக் குடிவைத்திருக்கிறார்கள். நான் கதை விடுகிறேன் என்று நினைக்காதே. பாக்டீரியா. கண்ணுக்குத் தெரியாது. பிளாஸ்டிக் உருண்டைகளில் பாசி மாதிரி ஒட்டிக்கொண்டு, கறுப்புத் தண்ணீர் உள்ளே வந்தால் எண்ணெயைத் தின்றுவிட்டுத் தண்ணீரை விட்டுவிடும். வெளியே போகிற வழியில் ஒரு மீட்டர் இருக்கிறது. எண்ணெய் அளவு பத்து லட்சத்தில் பதினைந்து பங்குக்குக் கீழே இருந்தால்தான் கடலுக்குப் போகும் வால்வு திறக்கும். அதற்கு மேலே போனால் மூடிக்கொண்டு, சந்தையில் பையைத் தொலைத்தவன் மாதிரிக் கத்தும்.

அந்தக் கிருமிகளுக்கு நான் வைத்த பேர் சம்பந்தி வீட்டார். பொருத்தம் பார். சூடு கூடினாலும் கோபம், குறைந்தாலும் கோபம். விடாமல் காற்று ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். எண்ணெய் மட்டும் போட்டால் போதாது, கூடவே உரப் பொடியும் வேண்டும். ஒரு வேளை கவனிப்பு குறைந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். ஆனால் மனம் குளிர்ந்துவிட்டால், மூடியைத் திறக்கும்போது முதல் மழை பட்ட மண் மாதிரி ஒரு வாசனை வரும். டீசலையும் சூடான இரும்பையும் தவிர வேறெதுவும் மூக்கில் ஏறாத இடத்தில் அப்படி ஒரு வாசனை. நான் டீ குடிக்கிற நேரமெல்லாம் அங்கே போய் உட்கார்ந்துகொள்வேன். இதற்குப் பொறுப்பு எங்கள் இரண்டாம் இன்ஜினியர் அம்மா. பொறுமைசாலி, விவரம் தெரிந்தவர். அவர் சொல்கிற அளவில் பொடி போடுவதும் மூடியைத் துடைப்பதும்தான் என் வேலை.

அந்த சம்பந்தி வீட்டாரை நாங்களே கொன்றுவிட்டோம். எப்படி என்று கேள்.

இங்கே துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்ட அன்றைக்கு, கம்பெனியிலிருந்து பெரிய மனிதர்கள் பார்வையிட வருகிறார்கள் என்று செய்தி வந்தது. தலைமை இன்ஜினியர் எங்களை வரிசையாக நிறுத்தி, "தரையில முகம் தெரியணும்" என்றார். இரண்டாம் இன்ஜினியர் அம்மா அன்றைக்குப் பார்த்துப் பல்வலி என்று கரைக்குப் போயிருந்தார். நாங்கள் பேன்ட்டை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினோம். எண்ணெய் எடுக்கிற சோப்புத் தண்ணீர் ஒரு பக்கம், பிளீச்சிங் பவுடர் ஒரு பக்கம், வாளி வாளியாக ஊற்றித் தேய்த்தோம். கல்யாண மண்டபம் கழுவுகிற உற்சாகம். நான்தான் பாட்டு. தரைத் தகடு, ஏணிப்படி, பம்பின் அடிப்பக்கம் என்று ஒன்று விடவில்லை. வந்தவர்கள் குனிந்து முகம் பார்த்தார்கள், திருப்தியாகத் தலையாட்டினார்கள், படகேறிப் போனார்கள்.

கழுவின தண்ணீர் எங்கே போகும்? அடிவயிற்றுக்குத்தான். அங்கிருந்து வழக்கம்போலப் பம்ப் போட்டோம், நேராகத் தொட்டிக்கு. சம்பந்தி வீட்டாருக்குப் பிளீச்சிங் பவுடரில் விருந்து வைத்திருக்கிறோம் என்று ஒருத்தன் மண்டையிலும் உறைக்கவில்லை.

மறுநாள் மூடியைத் திறந்தால் அழுகின முட்டை நாற்றம். மீட்டர் கத்துகிறது. இரண்டாம் இன்ஜினியர் அம்மா வீங்கின கன்னத்தோடு வந்து எட்டிப் பார்த்தார். திட்டவில்லை. "யாரு தரை கழுவினது?" என்று மட்டும் கேட்டார். நாங்கள் எல்லோரும் குனிந்து தரையைப் பார்த்தோம். அவரவர் முகம் நன்றாகத் தெரிந்தது.

நீ பல்லைக் கடிப்பது இங்கே கேட்கிறது. சொல்ல வந்ததற்கு வந்துவிடுகிறேன்.

தொட்டி செத்ததால் கறுப்புத் தண்ணீர் போக வழியில்லை. அதைச் சேர்த்து வைக்கிற இடமும் கழுத்து வரை நிரம்பிவிட்டது. அதைக் காலி பண்ணாமல் கப்பல் கிளம்ப முடியாது. இங்கே எண்ணெய்த் தண்ணீரை வாங்கிக்கொண்டு போகிற படகு ஒன்று இருக்கிறது. ஒரே படகு, முன்னால் வரிசையாகக் கப்பல்கள். எங்கள் முறை வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். அடுத்த துறைமுகத்தில்தான் என் இடத்துக்கு ஆள் ஏறுகிறான், நான் இறங்குகிறேன். இங்கேயே இறங்கிக்கொள்கிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். மாற்றாள் இல்லாமல் விடமாட்டோம் என்று கம்பெனியில் கையை விரித்துவிட்டார்கள். கேப்டனும் எனக்காகப் பேசினார். நடக்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் தலைமை இன்ஜினியர் என்னைப் பம்ப் பக்கம் கூப்பிட்டார். கெட்ட மனுஷன் இல்லை. அவருக்கும் இதுதான் கடைசிக் கப்பல், கண்ணெல்லாம் சிவந்துபோய் இருந்தார். "உன் சம்சாரத்துக்கு ஆபரேஷன் எப்போ?" என்றார். அடுத்த வாரக் கடைசி என்றேன். கொஞ்ச நேரம் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "பழைய பைப் ஒண்ணு ஸ்டோர்ல கிடக்குது. நீ மாட்டினா சொட்டு ஒழுகாது. இங்க ஏதாவது ஒரு கணக்குச் சொல்லிக் கிளம்பிடலாம். நடுக்கடல்ல கொஞ்ச நேர வேலை. நீயும் வீட்டுக்குப் போகணும், நானும் போகணும்" என்றார். மீட்டர் வழியாகப் போகாமல், நேராகக் கடலுக்கு. இன்னதென்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு பேரும் கிழடு தட்டினவர்கள், புரிந்தது.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. பைப்பைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். பாதி போல்ட் மாட்டியும்விட்டேன். மாட்டும்போது மனசில் உறுத்தல் எதுவும் இல்லை, ஆஸ்பத்திரி வராந்தாதான் இருந்தது. நான் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், உன்னைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள், நீ என்னைப் பார்த்து முகத்தைச் சுளிக்கிறாய். அதை நினைத்துக்கொண்டே ஸ்பானரைத் திருகினேன். வியர்வை கண்ணில் இறங்கியது. கையால் முகத்தைத் துடைத்தேன். கையில் டீசல்.

அந்த நாற்றம் என்னை எங்கேயோ கொண்டுபோய்விட்டது. யாரோ ஒரு கப்பல்காரன் விட்ட எண்ணெய் நம் ஊர்க் கரைக்கு வந்ததே, அந்த வருஷம். நான் லீவில் வீட்டில் இருந்தேன். சந்தையில் நீ மீன் வெட்டிக் கொடுக்கிற பலகைக்கு முன்னால், வாங்கிப் போனவர்களெல்லாம் திரும்பி வந்து மீனைக் கொட்டிவிட்டுப் போனார்கள். டீசல் மீன். நீ பிடித்த மீனா அது? நீ வெட்டிக் கொடுப்பவள், அவ்வளவுதானே. இருந்தாலும் உன்னைத்தான் திட்டினார்கள். வீட்டுக்கு வந்து எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தாய், சாம்பல் போட்டுத் தேய்த்தாய், கை சிவந்து தோல் உரிந்தது. நாற்றம் போகவில்லை. சாப்பிட உட்கார்ந்து, கையை வாய்க்குக் கொண்டுபோய், அப்படியே தட்டில் வைத்துவிட்டு எழுந்துபோனாய். போகும்போது என்னைப் பார்த்து, "உங்க ஆளுங்கதானே?" என்றாய். நான் எங்கள் கப்பல் அந்தப் பக்கமே வரவில்லை என்று ஏதோ பெரிய வக்கீல் மாதிரி வாதாடினேன்.

மாட்டின போல்ட்டையெல்லாம் கழற்றிவிட்டேன். பைப்பைத் திரும்ப ஸ்டோரில் கொண்டுபோய்ப் போட்டேன். தலைமை இன்ஜினியரிடம் போய் நின்றேன். "சார், முதுகு பிடிச்சுக்கிச்சு" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "முதுகா?" என்றார். "ஆமா சார், முதுகு" என்றேன். "பைப்பைத் தூக்கிட்டுப் போகும்போது நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார். "திரும்பக் கொண்டுவரும்போதுதான் சார் பிடிச்சுது" என்றேன். அவர் சிரிக்கவில்லை. வேறு ஆளைக் கூப்பிடவும் இல்லை. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் அவரே போனை எடுத்துக் கரைக்குப் பேசி, படகு வரிசையில் எங்கள் கப்பல் பேரைச் சேர்க்கச் சொன்னார்.

ஆக, உன் ஆபரேஷன் அன்றைக்கு நான் அந்தக் கதவுக்கு வெளியே இருக்கமாட்டேன். என்ன ஆனாலும் வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தேன். வரவில்லை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்று.

கப்பலில் என் மேல் யாருக்கும் பிரியம் பொங்கவில்லை. எல்லோரும் வீட்டுக்குப் போக நாள் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். பைப் விஷயம் எப்படியோ கசிந்துவிட்டது, இந்தக் கப்பலில் கசியாதது எது? கூட வேலை செய்கிற ஆயில்காரன், "ஏண்ணே, உங்க முதுகு எங்க எல்லாரையும் சேத்துக் கட்டிப் போட்டிடுச்சே" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான், முகத்தில் விளையாட்டு இல்லை. அவன் குழந்தை நடக்க ஆரம்பித்துவிட்டதாம். இவன் இன்னும் பார்க்கவில்லை. என் பங்கு பிஸ்கட்டை அவன் பக்கம் தள்ளிவைத்தேன். எடுத்துக்கொண்டு எழுந்துபோனான்.

கரையிலிருந்து புதுக் கிருமிப் பொட்டலங்கள் வந்தன. தவிடு மாதிரி இருக்கிறது. உள்ளே தூங்கிக்கொண்டிருக்கிறார்களாம். இரண்டாம் இன்ஜினியர் அம்மா தொட்டியை நன்றாக அலசச் சொல்லி, வெதுவெதுப்பான தண்ணீரில் அதை ஊறவைத்து ஊற்றினார். உடனே வேலை கொடுக்கக் கூடாதாம். முதலில் துளி எண்ணெய்தான், பழகப் பழகக் கூட்டிக்கொண்டே போக வேண்டுமாம். "நோயாளிக்குக் கஞ்சி கொடுக்கற மாதிரி கொடு, பொறுமையா" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அதனால்தான் அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். சூட்டைத் தொட்டுப் பார்க்கிறேன், காற்று வருகிறதா என்று காது வைத்துக் கேட்கிறேன், ஏதேதோ பேசுகிறேன். சமையல்காரர் படம் பிடித்தது அப்படி ஒரு நேரத்தில்தான். இன்னும் மண் வாசனை வரவில்லை. முட்டை நாற்றம் போய்விட்டது, அதுவரைக்கும் பரவாயில்லை.

எனக்கு அசதியாக இருக்கிறது. வேலை அசதி என்றால் தூங்கினால் போய்விடும். இது தூங்கி எழுந்தாலும் என்னோடு சேர்ந்து எழுந்திருக்கிறது. அடித்தட்டில் வெக்கை. இன்ஜின் நின்றிருந்தாலும் காதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. நங்கூரம் போட்ட கப்பலில் நாள் நகர்வதே தெரியாது. மேலே ஏறிப் பார்த்தால் கரை விளக்குகள் தெரிகின்றன. நீந்திப் போய்விடலாம் போல இருக்கும். இந்தத் தொப்பையை வைத்துக்கொண்டு நீந்தினால் என்னையும் எண்ணெய்ப் பீப்பாய் என்று நினைத்து அபராதம் போட்டுவிடுவார்கள்.

இப்போது உன் விஷயம். உன் அண்ணனிடம் பேசிவிட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கூட வருவது, கையெழுத்துப் போடுவது எல்லாம் மச்சான் பொறுப்பு. அவர் குரல் உனக்குத் தெரியும். மெதுவாகப் பேசினாலே பக்கத்துத் தெரு ஜன்னல் திறக்கும். அவரை டாக்டரிடம் பேசவிடாதே, மற்ற நோயாளிகளுக்கெல்லாம் மயக்கம் தெளிந்துவிடும். அண்ணியை ராத்திரி துணைக்கு வைத்துக்கொள். ஒரு வாளி தண்ணீரைக்கூட நீ தூக்கக் கூடாது, அவர்கள் வீட்டிலேயே கொஞ்ச நாள் இரு. மீன் பலகையை வேறு யாருக்காவது கொடுத்து வை. கர்ப்பப்பையை எடுத்த பிறகு இடுப்பு வலிக்கும் என்று அண்ணி சொன்னார்கள். வலித்தால் வாயை விட்டுக் கத்து. பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்காதே. உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

அதிலிருக்கிற கட்டியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள் என்று ஒரு முறை சொன்னாய். மறுமுறை நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு பேருமே அந்தப் பக்கம் தலை வைக்காமல் மீதி எல்லாவற்றையும் பேசிக்கொண்டிருக்கிறோம். என்ன சொன்னார்கள் என்று தெரிந்ததும் எனக்குச் சொல். எதுவாக இருந்தாலும் நீயே சொல். நல்லதை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை உன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளாதே.

என் மேல் உனக்குக் கோபம் இருக்கும். அன்றைக்குப் பாதி மாட்டின பைப்பை முழுசாக மாட்டியிருந்தால் உனக்குத் தெரியாமலே போயிருக்கும், நானும் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருப்பேன். அது நல்லதா இது நல்லதா என்று இன்னமும் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. படித்தவர்கள் யாரையாவது கேட்கலாம் என்றால், அவர்களும் என்னோடு இங்கேயேதான் கிடக்கிறார்கள். நான் செய்தது தப்பு என்று உனக்குப் பட்டால் நேரில் திட்டு. போன தடவை லீவில் செய்தது, அதற்கு முந்தின தடவை செய்யாமல் போனது, ஒன்று விடாமல் சேர்த்து வை. அத்தனையையும் திட்டி முடிக்க நாள் பிடிக்கும், மூச்சும் பிடிக்கும். அதற்காகவாவது நீ உடம்பைத் தேற்றிக்கொண்டு வீடு வந்து சேர வேண்டும். நான் வாசலில் வந்து நிற்கும்போது கதவைத் திறப்பது நீயாகத்தான் இருக்க வேண்டும். வேறு யாரும் திறக்கக் கூடாது, சொல்லிவிட்டேன்.

மயக்கம் தெளிந்ததும் மச்சானை விட்டு எனக்கு ஒரு போன் போடச் சொல். எந்த நேரமானாலும் போடட்டும்.

உன் தலையில் கை வைத்துத் தடவிக்கொடுத்ததாக நினைத்துக்கொள். எண்ணெய்க் கைதான், இருந்தாலும் என் கைதானே என்று பொறுத்துக்கொள்.

இப்படிக்கு,
வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராத உன் வீட்டுக்காரன்.

பின்குறிப்பு: கரைப் படகு இன்றைக்கு வரவில்லை என்பதால் உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன். மத்தியானம் பொடி போடுவதற்காக மூடியைத் திறந்து குனிந்தபோது, சட்டைப் பையில் இருந்த செல்போன் தொட்டிக்குள் விழுந்துவிட்டது. தொட்டியை வடித்தால்தான் எடுக்க முடியும். வடித்தால் சம்பந்தி வீட்டார் மறுபடியும் செத்துப்போவார்கள் என்பதால் வடிக்கவில்லை. அவர்கள் பிளாஸ்டிக் தின்னமாட்டார்கள் என்று இரண்டாம் இன்ஜினியர் அம்மா சொன்னார். சாயங்காலம் பக்கவாட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அடியில் ஒரு வெளிச்சம் விட்டு விட்டுத் தெரிந்தது. யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் அது அணைந்துவிட்டது. மச்சான் கூப்பிட வேண்டிய அந்த இன்ஜினியர் அம்மாவின் போன் நம்பரை உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.